நான் அவிழ்த்த துணி

தம்பி,

தெமோதரை ஸ்டேஷனில் ரயிலுக்காக நாம் நின்றிருந்த அரை மணி நேரத்தில் உன்னிடம் ஒன்றைச் சொல்ல நான் ஐந்தாறு தடவை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் ரொட்டிப் பார்சலைப் பற்றித்தான் பேச்சு வந்தது. கட்டச் சம்பலில் எண்ணெய் இருக்கிறது, வேதப்புத்தகத்தோடு சேர்த்து வைக்காதே என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, பையைச் சாய்க்காதே என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "என்னம்மா, ஒரு ரொட்டிக்கா இவ்வளவு பயப்படுற?" என்று கேட்டாய். ரயில் வந்தது, நீ ஏறினாய், ஜன்னல் வழியாகக் கை நீட்டினாய். உன் விரல்களைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி நடந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கையை விட்டுவிட்டு, மண் பாதையில் தனியாக ஏறி வீட்டுக்கு வந்தேன்.

உனக்குக் கோபம் வரும் என்று மட்டும் பயந்திருந்தால் சொல்லியிருப்பேன். நீ அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவாயோ என்று பயந்தேன். ஊழியத்துக்குப் படிக்க வேண்டும் என்று எத்தனை வருஷம் காத்திருந்தாய். அதைவிடக் கேவலமான பயம் ஒன்றும் இருந்தது. நீ இறங்காமல், என் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல், அப்படியே போய்விடுவாயோ என்ற பயம். இப்போது இதை எழுதும்போதும் அதுதான் நெஞ்சில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சபையில் உன்னை வழியனுப்பும் ஜெபம் நடந்தபோது பாஸ்டர் உன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். உனக்கு மூன்று வயது இருக்கும்போது அப்பாவைக் குளவி கொட்டிப் பறிகொடுத்ததைச் சொன்னாய். குளவிக்கூடு கண்ட இடத்தில் துணி கட்டி அடையாளம் வைப்பது தோட்டத்து வழக்கம், துணியைக் கட்டாமலேயே கட்டினேன் என்று ஒரு கங்காணி பொய் சொன்னார், அந்தப் பொய்யால்தான் அப்பா செத்தார் என்றாய். எங்களுக்காகப் பேச யாருமில்லை, அம்மா ஒரு நாளும் அவரைச் சபித்ததில்லை, எல்லாவற்றையும் கர்த்தருடைய நியாயத்துக்கு விட்டுவிட்டார் என்றாய். பிறகு சொன்னாய்: "இந்த வருஷம் அந்த மனுஷனோட வலது கையும் காலும் விழுந்துபோச்சு. கர்த்தர் தாமதிப்பார், மறக்க மாட்டார்." சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் நன்றியில் அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவினார்கள்.

தம்பி, அந்தத் துணி கட்டப்பட்டிருந்தது. வீரமுத்துக் கங்காணி பொய் சொல்லவில்லை. அதை அவிழ்த்தது நான்.

இந்த இடத்தில் நீ கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். திரும்பி வந்தபின் மீதியைப் படி. என்னை மன்னிப்பதற்காக அல்ல, அவரைப் பற்றி நீ சொன்னது எவ்வளவு பிழை என்று தெரிந்துகொள்வதற்காக.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பூனாகலையில் என் அம்மா வீட்டில் மாரியம்மன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வளர்ந்தவள், கல்யாணத்துக்குப் பின் உன் அப்பா வீட்டுச் சபைக்கு வந்தேன். உன் அப்பா பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவர். அவருக்கு விசுவாசம் மூச்சு விடுவதைப் போல, அதைப் பற்றிப் பேசவே மாட்டார். நான் ஞானஸ்நானம் எடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. புதுச் செருப்புப் போட்டவள் நடப்பதைப் போல ஒவ்வொரு அடியும் எனக்குச் சத்தமாகக் கேட்டது. எங்கள் லயத்து வரிசையில் அடுத்த காம்பராவில் கொடுக்கும் பொங்கலை வாங்க மாட்டேன். திருநீறு பூசிய பிள்ளையைத் தூக்க மாட்டேன். உன் அப்பா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவங்க சாமிய நீ எதுக்குப் போயி நோண்டுற? நம்ம சாமிக்கு ஒன் கையி தேவப்படாது." நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இவருக்கு வைராக்கியம் இல்லை என்று உள்ளே திட்டிக்கொண்டு படுத்தேன்.

நம் தோட்டத்தில் ஒரு மலையின் தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதற்கு முன்னால் கவ்வாத்துச் சாமி கும்பிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். கத்தி யார் காலிலும் படக்கூடாது, தேயிலை நன்றாகத் துளிர்க்க வேண்டும் என்று ஒரு மரத்தடியில் கல் வைத்து, தேங்காய் உடைத்து, சில வேளை மரத்தில் சிவப்புத் துணியும் கட்டுவார்கள். அந்த வாரம் மேல் மலையில் கவ்வாத்து தொடங்குவதாக இருந்தது. நான் கொழுந்து நிறுத்துவிட்டுக் குறுக்கு வழியாக அந்த மலை ஊடே இறங்கி வந்தேன். ஒரு மரத்தின் தண்டில், இடுப்பு உயரத்தில், சிவப்புத் துணி ஒன்று கட்டியிருந்தது. குளவிக்கென்றால் எங்கள் தோட்டத்தில் எப்போதும் உரச்சாக்கைக் கிழித்த வெள்ளைத் துண்டைத்தான் கட்டுவார்கள். அதனால் குளவி என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கல் இருக்கிறதா, தேங்காய்ச் சில் கிடக்கிறதா என்றுகூடக் குனிந்து பார்க்கவில்லை. முந்தின ஞாயிறு கேட்ட பிரசங்கம் காதில் இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன், யாருமில்லை. அவிழ்த்தேன். முடிச்சு இறுக்கமாக இருந்தது, பல்லால் கடித்து இழுத்தேன். அந்தத் துணியின் ருசி, மழையும் வியர்வையும் கலந்த உப்பு, பதினேழு வருஷமாக என் வாயில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அதைத் தேத்தண்ணி வைக்கும் அடுப்பில் போட்டேன். உன் அப்பா வேலை முடிந்து வந்து, "என்ன கருகுற வாட?" என்று கேட்டார். பழந்துணி என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ஊரார் சாமித்துணியை அவிழ்த்தேன் என்று சொன்னால் திட்டுவார் என்றுதான் மறைத்தேன். ஒரு திட்டுக்குப் பயந்து மறைத்தேன், தம்பி. சொல்லியிருந்தால் எந்த மரம், எந்த மலை என்று அவர் கேட்டிருப்பார். கேட்டிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். துணியை அவிழ்த்ததுகூட அறியாமல் செய்தது என்று என் மனதுக்கு ஆறுதல் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொய்க்கு ஆறுதலே இல்லை.

மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் கங்காணி ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். மேல் வரிசையில் ஒரு மரத்தில் துணி கட்டியிருக்கிறேன், துணியைக் கண்டதும் நின்றுவிடுங்கள், கூட்டைப் புகைபோட்டு எடுத்த பின் வெட்டலாம் என்று. அவர்கள் துணியைத் தேடிக்கொண்டே வெட்டினார்கள். துணி இல்லாததால், அது இன்னும் மேலே இருக்கும் போல என்று வெட்டிக்கொண்டே போனார்கள். முன் வரிசையில் போனவர் உன் அப்பா. அந்த மரத்துக்குப் பக்கத்தில் அவருடைய கத்தி பட்ட தேயிலையின் தூரில்தான் கூடு இருந்தது. மற்றவர்களை ஓடச் சொல்லிக் கத்தினாராம், அவர் கீழே விழுந்துவிட்டார். நான் ஓடி வந்தபோது கொழுந்து லொறியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

தோட்டத்து ஆபீசில் விசாரணை நடந்தது. என்னையும் ஒரு வாங்கில் உட்கார வைத்தார்கள். கங்காணி கை கட்டி நின்று, துணி கட்டினேன் என்றார். சாக்குத்துண்டு கையில் இல்லை, தூறலுக்குத் தலையில் கட்டியிருந்த பெண்சாதியின் பழைய சீலையைக் கிழித்துக் கட்டினேன் என்றார். சீலை என்ற சொல்லைக் கேட்ட அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. அதுவரை அந்தச் சிவப்புத் துணியையும் உன் அப்பாவின் சாவையும் நான் சேர்த்து நினைக்கவே இல்லை. உன் அப்பாவோடு வெட்டப் போன மற்ற மூன்று பேரும் துணியைக் காணவில்லை என்று சொன்னார்கள், அதுவும் உண்மைதான். நான் பேசினால் உன் அப்பா வீட்டார் உன்னை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு என்னைப் பூனாகலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். நீ என் சீலை முனையைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் பேசவில்லை. அவரைக் கங்காணி வேலையிலிருந்து எடுத்துப் புல்லு வெட்டப் போட்டார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். கர்த்தர் நியாயம் செய்வார், மகளே. விதவையின் வழக்கை அவர் விசாரிப்பார். அவர்களுக்கு அது தைலம். எனக்கோ பிடரியில் மூச்சுப் படுகிற மாதிரி இருக்கும். துன்பத்தில் இருக்கிறவர்கள் தேவநீதியை நம்பி இளைப்பாறுவதை நான் பார்த்திருக்கிறேன். நானும் துன்பத்தில்தான் இருந்தேன், அவர் இல்லாத காம்பராவில் உன்னோடு தனியாக. ஆனால் நான் இளைப்பாற வேண்டிய இடத்தில்தான் எனக்கு எதிரான வழக்கும் இருந்தது. உனக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்து பதுளைக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். வளைவுக்கு வளைவு உன் தலை என் மார்பில் மோதியது. இதோ வந்துவிட்டது, என் துணிக்குப் பதில் இவனை எடுக்கப் போகிறார் என்று நடுங்கினேன். குணமாக்கும் என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. என்னைக் கவனிக்காதேயும் என்றுதான் ஜெபித்தேன். ஒரு தாய் ஜெபிக்கிற ஜெபமா அது?

உனக்கு ஏழு வயது இருக்கும், ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளோடு சேர்ந்து நீயும் கத்திக்கொண்டு வந்தாய். "கங்காணி கங்காணி, துணி எங்க கங்காணி?" அவர் புல்லுக் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு தலையைத் திருப்பாமல் போய்க்கொண்டிருந்தார். நான் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவின் வாசலில் நின்றிருந்தேன், ஆயாம்மா வேலை கிடைத்த புதிது. இறங்கி வந்து உன்னை அறைந்தேன். அதற்கு முன்னும் பின்னும் உன்னை நான் அடித்ததில்லை. நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவக் கொன்னவருதானே?" என்று கேட்டாய். பெரியவர்களைக் கேலி செய்யக் கூடாது என்றேன். அவர் கொஞ்ச தூரம் போய் நின்று, திரும்பி என்னைப் பார்த்தார். விதவையானாலும் நல்ல மனம் என்று நினைத்திருப்பார். அந்தப் பார்வை என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அந்த மாதம்தான் நான் பண்டாரவளை நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். அம்மாவுக்குப் புத்தகப் பைத்தியம் என்று நீ எல்லோரிடமும் சொல்வாய். குற்றம் செய்தவர்களின் கதைகளைத் தேடித் தேடிப் படித்தேன், என்னைப் போல் ஒருத்தி கடைசியில் என்ன ஆனாள் என்று பார்க்க. அந்தக் கதைகளில் உண்மையைச் சொன்னவர்களுக்கு நெஞ்சு லேசாகிவிடும். அது உண்மையா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதைத்தான் நான் செய்யவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இந்த வருஷம் கங்காணி விழுந்து கிடக்கிறார் என்று கேட்டபோது, நீ அதைக் கர்த்தரின் நியாயம் என்றாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவரோடு அந்தத் துணியும் போய்விடும் என்று. ஒரு கண நேரம்தான். ஆனால் அந்த ஒரு கணத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் சாட்சியைவிட அந்த நிம்மதிதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

நீ போன மறுநாள், புதன்கிழமை, பிள்ளைக் காம்பராவில் சோறு கொடுத்துவிட்டு, கீழ் லயத்தில் இருக்கும் அவர் காம்பராவுக்குப் போனேன். அவரை உட்கார வைத்துத் தலையணையை முட்டுக் கொடுத்திருந்தார் அவர் பெண்சாதி அலமேலு அத்தை. என்னைக் கண்டதும் அத்தை எழும்பவில்லை. உன் சாட்சியை யாரோ போனில் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள், ஒரு புண்ணியவான் அதை அவர் காதருகே வைத்துப் போட்டும் காட்டியிருக்கிறார். "என்ன, ஒன் மவன் சொன்னது பத்தலைன்னு நீயும் வந்தியா?" என்று அத்தை கேட்டார். நான் தரையில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. "மாமா, நீங்க துணி கட்டுனீங்க. நாந்தான் அவுத்தேன்" என்றேன்.

அவர் தலையை என் பக்கம் திருப்பினார். வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதால் பேச்சு குழறும். என்னவோ கேட்டார், எனக்கு விளங்கவில்லை. அத்தை என்னைப் பார்க்காமலே சொன்னார்: "என்ன கலருன்னு கேக்குறாரு."

"செவப்பு. ஓரத்துல மஞ்சக் கர போட்டிருந்திச்சு."

அவர் இடது கையைத் தூக்கி அத்தையின் பக்கம் நீட்டினார். என்னை அவர் மறந்துவிட்டார். அத்தையைப் பார்த்து, குழறினாலும் எனக்கே விளங்கும்படி, "கேட்டியா" என்றார். இன்னொரு தடவையும், "கேட்டியா." அத்தை சுவரில் சாய்ந்தார். பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதினேழு வருஷமாக அத்தையும் நம்பவில்லை. சீலையை எங்கோ கிழித்துவிட்டு, வேலை போகாமலிருக்கக் கதை கட்டுகிறார் என்றே நினைத்திருக்கிறார். சண்டை வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டியுமிருக்கிறார். ஊர் சிரித்ததை மாமா தாங்கிக்கொண்டார். ஒரே கூரையின் கீழே நம்பப்படாமல் இருந்ததை எப்படித் தாங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் காலைத் தொடக் குனிந்தபோது அத்தை தடுத்தார். "தொடாத. அவரு மன்னிச்சாலும் மன்னிப்பாரு, எனக்குத் தெரியாது. ஒங்க சாமி நியாயம் செய்யுதுன்னு ஒன் மவன் சொன்னான். பதினேழு வருசம் லேட்டு புள்ள." நான் தலையசைத்தேன். சபையில் உன் சாட்சியைத் திருத்திச் சொல்லப்போகிறேன் என்றேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாயால சொன்னா நீ மாத்துவ. எழுதிப் படி. நானும் வந்து ஒக்காந்து கேப்பேன். ஒரு வார்த்த அந்தண்ட இந்தண்ட போச்சுன்னா நானே எழும்பிச் சொல்லுவேன்" என்றார்.

அதனால்தான் இது கடிதமாக இருக்கிறது, தம்பி. இதன் ஒரு பிரதி உனக்குத் தபாலில் வருகிறது. இன்னொன்றை வரும் ஞாயிற்றுக்கிழமை நீ நின்ற அதே இடத்தில் நின்று நான் வாசிப்பேன். பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டுவிட்டு, நேரம் ஒதுக்குகிறேன் என்றார். ஒரு சாட்சியை எல்லோருக்கும் முன்னால் சொன்னால், அதைத் திருத்துவதும் எல்லோருக்கும் முன்னால்தானே? நான் சபையில் ஒரு வசனம்கூட எழுந்து வாசித்தவள் இல்லை. என் குரலையே பலர் கேட்டதில்லை.

கர்த்தரின் நியாயத்தை நம்பாதே என்று உனக்குச் சொல்ல வரவில்லை. நம்பு. ஆனால் ஒருவருடைய கையும் காலும் விழுந்ததைப் பார்த்து, இதுதான் தீர்ப்பு என்று கர்த்தர் பெயரால் நீ வாசித்துக் காட்டாதே. நம் ஆண்டவரே பொய்ச்சாட்சியால் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவர், உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படித் தீர்க்கப்பட்டு நின்ற ஒருவர் நியாயம் கேட்கும்போது எங்கே நிற்பார்? விசாரணையில் கை கட்டி நின்ற கங்காணியின் பக்கத்தில்தான் நின்றிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். வாங்கில் உட்கார்ந்திருந்த என்னை அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தண்டிக்க அவருக்குப் பதினேழு வருஷம் தேவைப்பட்டிருக்காது. நான் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தாரோ என்னவோ. இப்படி நினைத்தால் பயம் போகும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. முன்பு அவர் என்னைப் பார்த்துவிடுவார் என்று பயந்தேன், இப்போது பார்த்துக்கொண்டே இருந்தார் என்று பயப்படுகிறேன். இந்தப் பயத்தோடு ஜெபிக்க முடிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். உன் அப்பாவுக்காக அழவும் முடிகிறது. இத்தனை வருஷம் அவருக்காக அழுததைவிட எனக்காகப் பயந்ததுதான் அதிகம்.

நீ திரும்பி வரும்போது முதலில் நம் வீட்டுக்கு வராதே. கீழ் லயத்துக்குப் போ. அவரிடம் என்ன பேசுவது என்று நான் சொல்லித் தர மாட்டேன். நீ ஏழு வயதில் கத்தியதை அவர் மறந்திருக்க மாட்டார், அதிலிருந்து தொடங்கலாம். பிறகு மேலே ஏறி வர மனமிருந்தால் வா. இல்லையென்றாலும் வெந்நீர் போட்டு வைத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அலமேலு அத்தை பின் வாங்கில் உட்கார்ந்திருப்பார். நியாயத்தீர்ப்பு நாளை எக்காளத்தோடும் நெருப்போடும் நினைத்தே இத்தனை காலம் நடுங்கியிருக்கிறேன். அது நம் தகரக்கூரைச் சபையில், கிழிந்த சீலைக்குச் சொந்தக்காரி ஒருத்தி ஒவ்வொரு சொல்லாகக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வரும் என்று நினைத்ததில்லை. கருகுற வாடை என்று உன் அப்பா கேட்ட இடம் வரும்போது என் குரல் நின்றுவிடும் என்று பயமாக இருக்கிறது. காலை ஆராதனை ஒன்பது மணிக்கு. அந்த நேரத்துக்கு நீ என்மேல் எவ்வளவு கோபமாக இருந்தாலும் சரி, அந்த இடத்தை நான் தாண்டிவிட வேண்டும் என்று மட்டும் ஜெபி.

உன் அம்மா